மாத்திரைக்கு எதற்கு நாமினி?

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன் செய்தார். அவர் மனைவிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. வழக்கமாகக் காட்டும் மருத்துவமனையில் ஏதோ புது மருந்தை ஆய்வு செய்கிறார்களாம். அதில் சேர்ந்தால் மருந்தும் பரிசோதனையும் இலவசம், வந்து போகும் செலவும் தருவார்களாம். "ஒரு கையெழுத்துதானே கேக்கறாங்க, போட்டுடலாமா? நீதான் காலமெல்லாம் ஃபைல் பார்த்தவனாச்சே, சொல்லுப்பா" என்றார்.

ரெண்டு நாள் டைம் கொடு என்றேன். பதில் தெரியாமல் கேட்ட டைம் இல்லை அது. பதிலைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். அதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். அவரும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்தான்.

என் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்து மனிதர். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதற்கு மேலே தன் கையால் மூன்று வார்த்தை எழுதுவார்: 'லு எ அப்ரூவே'. படித்தேன், ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்களின் ஒப்பந்தங்களில் அது வழக்கம். பிரெஞ்சு மீடியத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார். "படிக்காம இந்த மூணு வார்த்தைய எழுதினா அது பொய் சாட்சிடா" என்பார். நான் சர்க்கார் வேலைக்குப் போய், முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களுடைய கையெழுத்துகளைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கினேன். அதில் பாதிக்கு மேல் பென்ஷன் பிரிவில். கைநாட்டு வைப்பவர்களுக்கு மை அட்டையை நீட்டி, இடது பெருவிரலைப் பிடித்து அழுத்தி, பக்கத்தில் 'என் முன்னிலையில்' என்று எழுதிய கை இது.

இப்போது என் அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள், அவளைச் சேர்க்கவில்லை. அந்தக் காலத்தில் பல வீடுகளில் நடந்த கதைதான். அத்தான் போன பிறகு எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே தனியாக இருந்தாள். சர்க்கரையும் இருந்தது, பிரஷரும் இருந்தது. 2017-இல், வெளியூரில் இருக்கும் ஒரு மருத்துவமனைக்கு அவளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். மருத்துவமனையின் பெயர் இங்கே அவசியமில்லை. நான் சொல்ல வந்தது என் தப்பை.

ஒரு நாள் டாக்டர் பார்த்து முடித்த பிறகு, ஒரு இளம்பெண் அக்காவை வேறொரு அறைக்குக் கூட்டிப் போனாள். நான் மருந்து வாங்கும் வரிசையில் நின்றேன். அரைமணி நேரம் கழித்துத் திரும்பினால், அக்கா பெருவிரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். "சார், அம்மா ஸ்டடியில சேர சம்மதிச்சிட்டாங்க. விட்னஸ் இடத்துல நீங்க ஒரு கையெழுத்து" என்றாள் அந்தப் பெண். பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும். கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி வைத்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போட்டேன். அலுவலகப் பழக்கத்தில் தேதியும் போட்டு அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

பஸ்ஸில் வரும்போது அக்கா கேட்டாள்: "ஏன்டா தம்பி, மாத்திரை சாப்பிடறதுக்கு எதுக்குடா நாமினி கேக்கறாங்க?"

ஆயிரக்கணக்கான நாமினிப் படிவங்களைப் பார்த்தவன் நான். நாமினி என்ற கட்டம் ஒரு காகிதத்தில் எதற்காக இருக்கும் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கையெழுத்துப் போடுபவர் இறந்துவிட்டால் பணம் யாரிடம் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கட்டம். அந்த ஒரு கேள்வியிலேயே அக்கா விஷயத்தின் அடிமடியைத் தொட்டுவிட்டாள். நான் சொன்ன பதில்: "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிக்கா."

மூன்றாம் மாதம் அவளுக்குத் தலைசுற்றல் வர ஆரம்பித்தது. விடியற்காலையில் வியர்த்துக் கொட்டும். என்னிடம் சொல்லவில்லை. பரிசோதனைக்குப் போனபோது அங்கேயும் சொல்லவில்லை. ஒரு நாள் ராத்திரி எழுந்தவள் கொல்லைப்புறத்தில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. எங்கள் ஊரிலேயே காட்டிக் கட்டுப் போட்டோம். 18,000 ரூபாய் செலவு. விசாரித்தபோதுதான் தலைசுற்றல் கதை வெளியே வந்தது. "ஏன்க்கா முன்னாடியே சொல்லல? மாத்திரைய வேணாம்னு சொல்லியிருக்கலாமே?" என்று கோபப்பட்டேன்.

"நீதானேடா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்க. நான் பாதியில விட்டா உன்னை வந்து பிடிக்க மாட்டாங்களா?" என்றாள்.

சாட்சிக் கையெழுத்தை அவள் ஜாமீன் கையெழுத்து என்று நினைத்திருக்கிறாள். எனக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று மூன்று மாதம் அந்தத் தலைசுற்றலோடு மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள்.

அதன் பிறகு அவளை நான் அங்கே அழைத்துப் போகவில்லை. இரண்டு முறை போன் வந்தது. ஊரில் இல்லை என்று சொன்னேன். அவ்வளவோடு முடிந்தது என்று நினைத்தேன்.

2021-இல் அக்கா மாரடைப்பில் போனாள். அதற்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தம் இல்லை. காரியம் எல்லாம் முடிந்து அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, ரேஷன் கார்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது அந்தப் படிவத்தின் நகல். அன்றைக்கே அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். படிக்கத் தெரிந்த நான் ஒரு நாளும் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

அன்று மாலை உட்கார்ந்து முழுவதும் படித்தேன். நல்ல தமிழில்தான் இருந்தது. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, ஆய்விலிருந்து விலகலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையாது. ஆய்வின்போது உடம்புக்கு ஏதாவது வந்தால் இலவசமாகச் சிகிச்சை செய்ய வேண்டும். ஆய்வால்தான் பாதிப்பு என்று தெரிந்தால் இழப்பீடு தர வேண்டும். சந்தேகம் கேட்க டாக்டரின் நம்பர் ஒன்று, முறையிட நெறிமுறைக் குழுவின் நம்பர் ஒன்று. தலைசுற்றல் வரலாம், உடனே தெரிவிக்கவும் என்றுகூட ஒரு வரி. எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அக்காவின் பெருவிரல் ரேகை. நாமினி கட்டத்தில் என் பெயர், உறவு: தம்பி. அதற்குக் கீழே சாட்சி: அதே நான். பென்ஷன் பிரிவில் இருந்தபோது, பலன் பெறுகிறவரே சாட்சியாகவும் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்புவேன். என் அப்பா சொன்ன பொய் சாட்சி நானேதான்.

இந்த உரிமைகள் எங்கிருந்து வந்தன என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

சின்ன வயதில் பிரெஞ்சு வகுப்பில் எங்களுக்கு லூயி பாஸ்தேர் ஒரு தெய்வம். 1885 ஜூலை மாதம், அல்சாஸிலிருந்து வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையன் ழோசெஃப் மெய்ஸ்தேரை அவன் தாய் பாரிஸுக்குக் கூட்டி வருகிறாள். மனிதர்களிடம் அதுவரை நிரூபிக்கப்படாத மருந்தைப் பத்துப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து ஊசியாகப் போட வைக்கிறார் பாஸ்தேர். பையன் பிழைக்கிறான். பெரியவனாகி பாஸ்தேர் நிறுவனத்திலேயே வாயிற்காவலனாக வேலை பார்க்கிறான். இதை நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம். நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட தலைமுறைதானே நாம்? அந்த ஊசி மருந்துக்குப் பேர் போன குன்னூர் நிறுவனமும் 1907-இல் அவர் பெயரில் வந்ததுதான்.

வகுப்பில் சொல்லித் தராத ஒன்றை எழுபது வயதில் படித்தேன். அந்தப் பையனுக்கு ஊசி போடுவதற்கு முந்தைய வருஷம், 1884-இல், பாஸ்தேர் பிரேசில் சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். மரண தண்டனைக் கைதிகளை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தலாமே என்ற யோசனை அதில் இருந்தது. ஒத்துக்கொண்டால் தண்டனையிலிருந்து தப்பலாம். சக்கரவர்த்தி இணங்கவில்லை. பாஸ்தேரின் பெருமை இதனால் குறைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு பெரிய மனிதருக்கே, வேண்டாம் என்று சொல்ல முடியாதவன்தான் முதலில் கண்ணில் பட்டிருக்கிறான். அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

இதே புத்தி கொடூரமான கைகளில் எங்கே போய் முடியும் என்பதை நாஜி முகாம்களில் உலகம் பார்த்தது. அந்த டாக்டர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம் 1947-இல் பத்து விதிகளை எழுதியது. முதல் விதியே, சம்பந்தப்பட்டவர் தானாக விரும்பித் தரும் சம்மதம் கட்டாயம் என்பது. 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் ஒரு பிரகடனம் செய்தது. அதைப் பலமுறை திருத்தியிருக்கிறார்கள். 2024-இல் செய்த திருத்தத்தில் ஒரு சொல்லை மாற்றினார்கள். அதுவரை ஆய்வுக்கு உட்படுபவரை ஆங்கிலத்தில் 'சப்ஜெக்ட்' என்று எழுதிவந்தார்கள். பிரெஞ்சில் 'ஸ்யுழே'. பிரெஞ்சு ஆட்சியில் யார் 'ஸ்யுழே', யார் 'சித்துவாயேன்' என்பதில் எவ்வளவு வித்தியாசம் இருந்தது என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் ஆளப்படுபவன், மற்றவன் குடிமகன். இப்போது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'பங்கேற்பவர்' என்று எழுதுகிறார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, இந்த ஒரு சொல் மாற.

நம் நாட்டில் 2013-இல் இழப்பீட்டு விதிகள் வந்தன. 2019-இல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகளுக்கென்றே தனியாக விதிகள் வந்தன. இதற்கெல்லாம் முன்னால் ஒரு விஷயம் நடந்தது. அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், 2009-10-இல், பத்து முதல் பதினான்கு வயதுப் பெண் குழந்தைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு ஆய்வு நடத்தினார்கள். சில பிள்ளைகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. தடுப்பூசியை நானும் குறை சொல்லவில்லை. பல நாடுகளில் போடுகிறார்கள். அங்கே வெளிவந்த வேறொரு உண்மைதான் என் நெஞ்சில் தைத்தது. பல பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த வார்டன்களைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அவர்களும் என்னைப் போல ஃபார்மாலிட்டி என்று நினைத்துத்தானே போட்டிருப்பார்கள்?

இவ்வளவும் படித்துவிட்டு, ஆய்வு என்றாலே ஓடிவிடுங்கள் என்று நான் சொல்லப்போகிறேன் என நினைக்காதீர்கள். நம் சிறுவயதில் காசநோய் வந்தால் தாம்பரம் சானடோரியத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? 1956-இல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வீட்டிலேயே மருந்து, மறு பிரிவுக்குச் சானடோரியத்தில் படுக்கை. 1959-இல் முடிவு வந்தது. நெரிசலான குடியிருப்பில், நல்ல சாப்பாடு இல்லாமல், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணமானது. வீட்டிலிருந்தவர்களுக்கு நோய் தொற்றுவதும் அதனால் கூடவில்லை. உலகமே காசநோய் வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. அந்தச் சென்னை ஏழைகள் சம்மதிக்காமல் இருந்திருந்தால் எத்தனை லட்சம் பேர் படுக்கை கிடைக்காமல் போயிருப்பார்கள்! ஆய்வில் சேர்வது ஊருக்குச் செய்யும் தர்மம்தான். தர்மம் செய்கிறவருக்கு, தான் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

என் அக்காவுக்கு வந்த தலைசுற்றல் அந்த மருந்தால் வந்ததா, வேறு காரணமா? யாருக்கும் தெரியாது. தெரியவிடாமல் செய்தவன் நான். அவள் வாய் திறக்கவில்லை, நான் போனில் பொய் சொன்னேன். அவர்கள் பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதியிருப்பார்கள். அவள் விழுந்தது அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. நாளைக்கு அதே மாத்திரையைச் சாப்பிடப்போகும் வேறொரு கிழவிக்கு அந்தத் தகவல் உதவியிருக்கலாம். பயமில்லாமல் பேசும் உரிமை நோயாளிக்கு மட்டும் வேண்டியதில்லை, அந்த ஆராய்ச்சிக்கும் அதுதான் உயிர்.

என் அபிப்பிராயம் இதுதான். சட்டத்தில் உரிமைகள் போதுமான அளவு இருக்கின்றன. குறை சாட்சியிடம் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர் சம்மதம் கொடுக்கும்போது, ஆய்வு நடத்துகிறவர்களோடு தொடர்பில்லாத ஒருவர் முழு நேரமும் கூடவே இருந்து, படித்துச் சொன்னதைக் கேட்டு, அவருக்குப் புரிந்ததைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. சில புதிய மருந்து ஆய்வுகளில், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் சம்மதம் வாங்குவதை வீடியோவும் எடுக்க வேண்டும். கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், அவ்வளவுதான். "அக்கா, இதுக்கு என்ன அர்த்தம்னு நீ சொல்லு பார்ப்போம்" என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் பெரும்பாலும் நம்மைப் போல, ஓய்வு பெற்று, நோயாளிக்குத் துணையாக மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்தான்.

ஆகவே நண்பரே, நீங்கள் கேட்டதற்குப் பதில்.

இன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம். படிவத்தை வீட்டுக்குக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில். சாப்பாடு முடிந்து, டி.வி.யை அணைத்துவிட்டு, அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஆய்வில் சேராவிட்டால் இப்போது என்ன வைத்தியம் கிடைக்கும் என்று டாக்டரிடம் கேளுங்கள். பல ஆய்வுகளில் யாருக்கு எந்த மருந்து என்று சீட்டுக் குலுக்கியதுபோலத்தான் முடிவாகும். சிலருக்கு வெறும் மாவு மாத்திரையும் வரலாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாமினி கட்டத்தைக் காட்டி, அது எதற்காக இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். இழப்பீட்டை வயதையும் நோயின் தீவிரத்தையும் வைத்துக் கணக்கிடுவார்கள். வயது ஏற ஏறத் தொகை குறையும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பென்ஷன் கம்யூட்டேஷன் போட்ட நமக்கு அந்தக் கணக்கு புதிது இல்லை.

சேர்ந்த பிறகு உடம்புக்கு எது வந்தாலும், சின்னது பெரியது பார்க்காமல், அன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். நிறுத்த வேண்டும் என்று தோன்றினால், மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லிவிட்டு விலகச் சொல்லுங்கள். நகலை டிரங்குப் பெட்டியில் வைக்காதீர்கள்; காலண்டர் ஆணியில் மாட்டுங்கள், நம்பர் கண்ணில் படட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாட்சிக் கையெழுத்து ஜாமீன் கையெழுத்து இல்லை என்று அவர்களுக்குப் புரியும்வரை சொல்லுங்கள். அவர்கள் விலகினால் உங்களை யாரும் வந்து பிடிக்கமாட்டார்கள்.

இதற்கெல்லாம் பிறகும் அவர்கள் சரி என்றால், தாராளமாகச் சேரட்டும், நல்ல காரியம். சாட்சிக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். காலையிலேயே வந்துவிடுகிறேன், முழு நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மருந்து வரிசையில் நீங்கள் நில்லுங்கள்.